செயலாளராக இருக்கிற வரைக்கும்

ஆதிமூலம் சபதம் எடுத்த அன்று மைக் செட் ஒழுங்காக வேலை செய்தது. எல்லா வினையும் அதனால்தான்.

மரக்காணம் உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் மைக் செட் எந்தக் கூட்டத்திலும் ஒழுங்காக வேலை செய்ததில்லை. கொய்ங் என்று கத்தும், இல்லாவிட்டால் செத்துப்போகும். அதனால் பன்னிரண்டு வருஷமாகக் கிளைச் செயலாளராக இருக்கும் ஆதிமூலம் என்ன பேசினார் என்பது முன்வரிசையைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அதுவே அவருடைய செல்வாக்குக்குப் பெரிய பலமாக இருந்தது. அன்றைக்குப் பார்த்துப் புது செட். உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனுக்குக்கூடத் தெளிவாகக் கேட்டது.

"தோழர்களே! நம்ம தலைமைச் சங்கம் இந்த வருசத்திலேருந்து உறுப்பினர்களுக்கும், உறுப்பினர்களோட பிள்ளைங்களுக்கும் படிப்பு உதவித்தொகை குடுக்குது. யார் யாருக்குக் குடுக்கணும்னு சிபாரிசு பண்ற பொறுப்பு கிளைச் செயலாளருக்கு. அதாவது எனக்கு. அதனால இந்த இடத்துல ஒண்ணு சொல்றேன். நான் செயலாளரா இருக்கிற வரைக்கும் என் வீட்டுப் பிள்ளையோ, என் சொந்தக்காரங்க பிள்ளையோ இந்த உதவித்தொகையைத் தொடாது! இது சபதம்!"

கைதட்டல் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றார். வரவில்லை. மரக்காணத்தில் ஆதிமூலத்துக்குச் சொந்தமில்லாதது கழியில் மீன் பிடிக்கும் கொக்கு மட்டும்தான். மற்றபடி எல்லாரும் அவருக்கு மாமனோ மச்சானோ, சித்தப்பன் மகளோ, ஒன்றுவிட்ட ஏதோ ஒன்றோ.

ஏன் இப்படி ஒரு சபதம் என்றால், அதற்குக் காரணம் ஒரு தார்ப்பாய். போன டிசம்பரில் சுனாமி உள்ளே வந்துபோனபோது சங்கம் வீட்டுக்கு ஒரு தார்ப்பாய் கொடுத்தது. ஆதிமூலம் வீட்டுக் கொல்லையில் மட்டும் இரண்டு கிடக்கிறது என்று டீக்கடையில் பேச்சு வந்தது. உண்மையில் ஒன்றுதான். நடுவில் கிழிந்ததால் இரண்டாகத் தெரிந்தது. ஆனால் ஊர் வாயைத் தைக்க ஊசி ஏது? உப்புப் போட்டுச் சோறு தின்கிற மனுஷன் அவர். அதிலும் உப்பிலேயே வேலை செய்கிறவர். ரோஷம் ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அவருடைய பழைய சிநேகிதன் சவரிமுத்து ஓடி வந்தான்.

"மச்சான், என் பையன் பாலிடெக்னிக் சேர்றான். அவனுக்கு உண்டுல்ல?"

"இல்ல."

"ஏம்பா? நான் சர்ச்சுக்குப் போறவன், நீ மாரியாத்தா கோயிலுக்குப் போறவன். நமக்குள்ள எங்கேருந்து வந்துது சொந்தம்?"

"நீ என்னை மச்சான்னு கூப்புடுற."

"அதனால?"

"நாலு பேரு கேட்டுக்கினு இருக்காங்க. சந்தேகத்துக்கு இடம் குடுக்கக்கூடாது."

சவரிமுத்து தோளிலிருந்த துண்டை உதறினான். "சரிங்க செயலாளர் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது அவன் பீடியை ஆதிமூலத்திடம் நீட்டவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை.

ஆதிமூலம் வீட்டுக்கு வேண்டுமென்றே சுற்றுவழியாக வந்தார். மகள் சங்கீதா பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. பாண்டிச்சேரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. பணத்துக்குத்தான் வழியில்லை. அந்த உதவித்தொகையைத்தான் அவர் மனைவி அம்சவல்லி மலைபோல நம்பியிருந்தாள். அவளும் உப்பளத்தில் கூடை தூக்குகிறவள், சங்கத்து உறுப்பினர். கூட்டத்துக்கு வராவிட்டாலும், மைக் செட் அவள் வாசலுக்கே வந்து சொல்லியிருக்கும்.

கரண்டி பறக்கும் என்று எதிர்பார்த்து, திரும்பி ஓடத் தயாராக, வாசலிலேயே ஒரு காலில் செருப்பைக் கழற்றாமல் விட்டுவைத்தார். அம்சவல்லியோ சிரித்தமுகமாகச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பேச்சு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. மைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு."

"நான் பேசினது?"

"அதுவும் கேட்டுச்சு."

"சங்கீதாவ ஒரு வருசம் குயிலாப்பாளையத்துல ஊதுபத்தி கம்பெனிக்கு அனுப்பிட்டு, பொறவு பாத்துக்கலாம்னு..."

"சரிங்க."

"கோவம் இல்லியா?"

"எதுக்குக் கோவம்? நாலு பேருக்கு முன்னாடி சொல்லிட்டீங்க. சொன்ன சொல்லு சொன்னதுதான்." அவள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். "ஏங்க, நீங்களா அந்தப் பதவிய வுட்டுட்டா?"

"நானா? எப்படி வுட முடியும்? பொண்ணு பணத்துக்காகப் பதவிய வுட்டான்னு இன்னொரு தார்ப்பாய் கதை கட்டுவானுங்க. அதுவும் இல்லாம, நான் வுட்டா இந்தச் சங்கம் மறுநாளே படுத்துடும்."

"அதுவும் நெசந்தான்." ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். "சரியா சொல்லுங்க. செயலாளரா இருக்கிற வரைக்கும்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சரியா காதுல விழுந்துச்சான்னு கேட்டேன்."

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. சங்கீதா பேசாமல் அம்மாவோடு உப்பளத்துக்குக் கூடை தூக்கப் போனாள். காலேஜ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவள் எடுத்திருந்தால் ஆதிமூலம் பதிலுக்கு ஒரு அதட்டலாவது போட்டிருப்பார். அவளோ காலையில், "அப்பா, பழையது கரைச்சு வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். அந்தப் பழையதை அவர் பாதி குடித்துவிட்டு மூடிவைத்துவிடுவார்.

ஒருநாள் மத்தியானம் அம்சவல்லி வேலை விட்டு வந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறியபடி சொன்னாள்.

"அளத்துல என்னென்னமோ பேசிக்கிறாங்க. எனக்கே கஷ்டமா இருந்துச்சு."

"இன்னா பேசிக்கிறாங்க?"

"வேணாம். வுடுங்க."

"சொல்லுடி!"

"வருசா வருசம் ஆண்டுக் கூட்டத்துல, 'ஆதிமூலமே தொடரலாமா?'ன்னு கேக்குறாங்களாம், எல்லாரும் கை தூக்குறாங்களாம். மூஞ்சுக்கு நேரா எப்படித் தூக்காம இருக்க முடியும்னு தூக்குறாங்களாமே தவிர, மனசார இல்லியாம்."

"எவன் சொன்னான்?"

"பேரு சொன்னா சண்டைக்குப் போவீங்க."

ஆதிமூலம் எழுந்து நின்றார். மீசை துடித்தது. "இந்த வருசம் கை தூக்குறதே கெடையாது. ரகசிய ஓட்டு! சீட்டு குடுத்து, பானையில போடச் சொல்லி, எண்ணிக் காட்டுறேன். அப்பத் தெரியும் மனசு யாரு பக்கம்னு."

"ஐயோ, வேணாங்க! எதுக்கு வம்பு? கை தூக்குறதே கௌரவமா இருக்குது."

"வெக்கிறேன்னா வெக்கிறேன்!"

"எதுத்து நிக்க ஆளு வேணுமே?" என்று கவலையோடு கேட்டாள். "சவரிமுத்து அண்ணன நிக்கச் சொல்லாதீங்க. அவருக்கு வாய் ஜாஸ்தி."

"ஆமாமா."

"மேஸ்திரி நடராசன் வேணாம். அவரு பக்கம் ஆளு ஜாஸ்தி."

"கரெக்ட். வாயும் இருக்கக்கூடாது, ஆளும் இருக்கக்கூடாது." ஆதிமூலம் கூடத்தில் நடந்தார். திரும்பினார். தொடையைத் தட்டினார். "கொளஞ்சி!"

கொளஞ்சியம்மாள் உப்பளத்திலேயே அமைதியான பெண். யாராவது 'சாப்ட்டியா?' என்று கேட்டால் தலையாட்டுவாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

"பாவங்க அது!" என்றாள் அம்சவல்லி. "பயந்து செத்துடும்."

"நான் பேசிச் சம்மதிக்க வெக்கிறேன் பாரு."

சொன்னபடியே போனார். கொளஞ்சியம்மாள் பாத்தி வரப்பில் நின்று கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னதும் கஞ்சி புரையேறிவிட்டது.

"நானா? வேணாண்ணே."

"சும்மா பேருக்கு நில்லு, கொளஞ்சி. ஜனநாயகம்மா இது. எதிர்ல ஒருத்தர் வேணும்ல?"

"ஜெயிச்சிட்டா?"

ஆதிமூலம் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பாத்தியில் நின்ற கொக்கு பறந்துபோனது. "ஜெயிக்க மாட்ட. அதுக்கு நான் கேரண்டி."

"சத்தியமா?"

"எங்க குலசாமி மேல சத்தியம்."

"அப்ப சரிண்ணே" என்றாள் கொளஞ்சியம்மாள்.

அவளுக்குக் கூடையைச் சின்னமாகக் கொடுத்தார். தனக்கு உப்பு வாருகிற பலகையை எடுத்துக்கொண்டார். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சீட்டில் இரண்டு படமும் போட ஏற்பாடு செய்தார். ஓட்டுப் போடும்போது யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்க ஓலைத் தட்டி கட்டினார். இதற்கு முன் எந்தச் செயலாளரும் தன்னை எதிர்ப்பவர்களுக்கு இவ்வளவு வசதி செய்துகொடுத்ததில்லை.

பிரசாரம் அமோகமாக இருந்தது. ஆதிமூலம் டீக்கடையில் செய்தார். அம்சவல்லி எங்கே செய்தாள், என்ன செய்தாள் என்று அவர் கவனிக்கவில்லை. கூடையோடு வரிசையாகப் போகும் பெண்கள் அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "அண்ணே, உங்களப் பத்தித்தான் பேசிக்கினு போறோம்" என்றாள் ஒருத்தி. ஆதிமூலம் பணிவாகக் கும்பிட்டார். ஜனங்களுக்குத் தன்மேல் இவ்வளவு பிரியமா என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. விடியற்காலையில் வேலையை ஆரம்பித்து, வெயில் ஏறியதும் எல்லாரும் சங்கக் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். திண்டிவனத்திலிருந்து வட்டாரத் தலைவர் அப்பாதுரை வந்திருந்தார். ஓட்டுப் பெட்டி இல்லை. அம்சவல்லி தன் வீட்டு எவர்சில்வர் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தாள். வரிசை உப்புக் குவியலைச் சுற்றிக்கொண்டு போனது. எல்லாருக்கும் கடைசியில் போடுவதுதான் தலைவனுக்கு அழகு என்று ஆதிமூலம் ஒதுங்கி நின்றார்.

அப்போது சங்கீதா வந்தாள். உறுப்பினர் இல்லாததால் அவளுக்கு ஓட்டு இல்லை. அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாள். கூடைக்கு அடியில் வைக்கிற சும்மாடு தலையில் அப்படியே இருந்தது. கணுக்காலுக்குக் கீழே உப்பு அரித்து இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாக மற்றவர்கள் காலுக்கு மருந்து வேண்டும், செருப்பு வேண்டும் என்று மனு கொடுத்தவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, பயப்படாதீங்க. நீங்கதான் ஜெயிப்பீங்க. மாரியாத்தாகிட்ட வேண்டிக்கினு வந்துட்டேன்."

"நான் ஜெயிக்கணும்னா வேண்டிக்கின?"

"பின்ன? நீங்க தோத்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல?"

சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டாள். ஆதிமூலம் சீட்டை வாங்கிக்கொண்டு தட்டிக்குள் நுழைந்தார். ஒரு பக்கம் பலகை, ஒரு பக்கம் கூடை. பென்சில் கையில். வெளியில் ஆளை வாட்டுகிற வெயில். உள்ளே அதைவிட.

எப்படியும் ஜெயிக்கப்போகிறோம், ஊரே நம் பக்கம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு ஓட்டு குறைந்தால் ஒன்றும் ஆகாது. பாவம், அந்தக் கொளஞ்சிக்கும் ஒன்றாவது விழட்டும். என் வாய்தான் பொண்ணுக்குக் கெடுதல் பண்ணிவிட்டது. கையாவது அவளுக்காக ஒரு கோடு போடட்டுமே.

கூடைமேல் கோடு போட்டார். மடித்தார். குடத்தில் விட்டார். ஏதோ பெரிய பாரத்தை இறக்கிவைத்ததுபோல இருந்தது. மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்.

அப்பாதுரை குடத்துக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

"கூடை."

ஆதிமூலம் புன்னகை செய்தார். அது தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். கடைசியாகப் போட்டது மேலேதானே இருக்கும்.

"கூடை. கூடை. கூடை."

பெண்கள் ஓட்டு மேலே இருக்கிறது, ஆண்கள் ஓட்டு அடியில் இருக்கும் என்று பக்கத்தில் நின்ற நடராசனுக்கு விளக்கினார். நடராசன் ஏனோ கழிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூடை. கூடை..."

குடம் கழுத்துவரை காலியானது. பாதி காலியானது. புன்னகை அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. எடுக்க வழி தெரியவில்லை. அப்பாதுரைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சத்தத்தைக் குறைத்து, துக்கம் விசாரிக்கிற குரலில், "கூடை... கூடை..." என்று சொன்னார். குடம் அடி தெரிந்தபோது, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், திடீரென்று அவர் குரல் ஓங்கியது.

"பலகை!"

கூட்டம் மொத்தமும் கைதட்டியது. விசில்கூடப் பறந்தது. அந்த ஒரு ஓட்டுக்கு விழுந்த கைதட்டல் கொளஞ்சியம்மாள் ஜெயித்ததற்குக்கூட விழவில்லை.

அதற்குப் பிறகு கொளஞ்சியம்மாள் மைக்கைப் பிடித்தாள். வாயே திறக்காத பெண் என்று யார் சொன்னது? அவள் பேச்சை நிறுத்த அப்பாதுரை இரண்டு தடவை மணி அடிக்க வேண்டியிருந்தது.

"எனக்குத் தைரியம் குடுத்தது ஆதிமூலம் அண்ணன். அவரு வந்து கெஞ்சலன்னா நான் நின்னிருக்கவே மாட்டேன். ஊரு பூரா எங்களக் கூட்டிவெச்சு எடுத்துச் சொன்னது அம்சவல்லி அக்கா. 'என் வூட்டுக்காரரு தங்கமான மனுசன். வாய் தவறி ஒண்ணு சொல்லிட்டாரு, ரோஷத்துல இப்பத் திருப்பி எடுக்க முடியல. அவரால எறங்க முடியாது, நாமதான் கையப் புடிச்சு எறக்கி வுடணும்'னு சொன்னாங்க. எறக்கிட்டோம்ணே! இப்ப மொதல் வேலையா, சொந்தம் பந்தம் பாக்காம மார்க்கைப் பாத்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் சிபாரிசு பண்றேன். சங்கீதா பேரு மொதல்ல. சவரிமுத்து பையன் பேரும் இருக்குது."

ஆதிமூலம் திரும்பி அம்சவல்லியைத் தேடினார். அவள் குடத்தைக் கழுவப் போயிருந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் சவரிமுத்து வந்து தோளில் கைபோட்டான். மறுபடியும் பீடி நீட்டினான். "மச்சான், ஒரு வார்த்தை. அந்த ஒரு ஓட்டு நான் போட்டது. பழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்ல?" ஆதிமூலத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். டீக்கடையிலிருந்து கிளம்பியதும் நடராசன் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். "யாருகிட்டயும் சொல்லிடாத ஆதிமூலம். அந்த ஒண்ணு என்னுது." அவருக்கும் டீ. வீட்டுத் தெருமுனை வருவதற்குள் இன்னும் ஆறு பேர் அதே ஒரு ஓட்டைப் போட்டிருந்தார்கள். எல்லாருமே ரகசியமாகச் சொன்னார்கள். எட்டுப் பேரும் பொய் சொல்ல முடியாது, ஏழு பேர்தான் பொய் என்று அவர் தேற்றிக்கொண்டார்.

வீட்டில் சங்கரா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சங்கீதா பக்கத்து வீட்டு வாசலில் நின்று, பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தருவார்களாம், வெள்ளை யூனிபார்ம், தொப்பி என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் இந்த மாதம் பூராவும் அவர் கேட்காத ஒரு துள்ளல். கோபப்படுவதற்காக வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் அங்கேயே பாதி உதிர்ந்துபோயின.

மீதிப் பாதியோடு தட்டு முன்னால் உட்கார்ந்தார்.

"ஊரையே எனக்கு எதிரா திருப்பிட்டியேடி!"

"ஆமா, திருப்பினேன்" என்று சோற்றைப் போட்டாள் அம்சவல்லி.

"ஒரே ஒரு விசுவாசி இருந்திருக்கான் எனக்கு. அவன் யாருன்னு தெரிஞ்சா அவனுக்கு ஒரு மாலையே போடுவேன்."

"போடுங்க. நாந்தான்."

ஆதிமூலம் நிமிர்ந்து பார்த்தார். "நீயா?"

"பின்ன வேற யாரு போடுவா? எல்லாரையும் நான்தானே பேசி மாத்தினேன், யாரு எங்க போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிடுமோன்னு தட்டிக்குள்ள போனதும் மனசு கேக்கல. இவ்ளோ வருசம் அந்தச் சங்கத்துக்காக ராப்பகலா நாயா அலைஞ்சவரு. நம்ம ரெண்டு பேரு ஓட்டாவது ரெண்டு இருக்கட்டும்னுதான்..."

சட்டென்று நிறுத்தினாள். குழம்புக் கரண்டி பாதியில் நின்றது.

"ஏங்க. என்னுது ஒண்ணு. உங்களுது ஒண்ணு. ரெண்டுல்ல வந்திருக்கணும்?"

ஆதிமூலம் சோற்றில் குழி பறிக்க ஆரம்பித்தார்.

"உங்க ஓட்டு எங்க?"

"அது வந்து... வெயிலுடி. உப்பு வெள்ளையில கண்ணு கூசிப்போச்சு. எது பலகை, எது கூடைன்னு சரியா தெரியல."

அம்சவல்லி கரண்டியைச் சட்டியில் வைத்தாள். சங்கீதாவின் குரல் வந்த வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவள் மெதுவாகக் குனிந்து, சட்டியில் கிடந்ததிலேயே பெரிய மீனாகத் தேடி எடுத்து அவர் தட்டில் வைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை தோத்தீங்க" என்றாள். "ஓட்டுப் போடக்கூடத் தெரியாத ஆளுதான் செயலாளர்னு வெளிய தெரிஞ்சிருந்தா, எனக்குல்ல மானக்கேடு!"